வியாழக்கிழமைத் தாள்கள்

பகாவ் பஸ் நிலையத்துக்கு எதிரே,
மேல்மாடியில் பல் டாக்டர், கீழே நான்.
ஒரு பக்கம் பத்துக் காசு.
ஐசி நகல், வாடகை ஒப்பந்தம், திருவிழா நோட்டீஸ்,
செம்பனை மில்லில் எடை போட்ட சீட்டு.
இந்த ஊர் நிரூபிக்க வேண்டியதெல்லாம்
என் கண்ணாடி மேல் ஒருமுறையாவது
குப்புறப் படுத்திருக்கிறது.

யுகேந்திரன் கொண்டுவந்தது அறுநூற்றுப் பதினான்கு பக்கம்.
வானிலை, வான்சட்டம், திசையறிதல்.
விமானப் பரீட்சைக்கு எவனோ படித்து,
அவனிடம் இன்னொருவன் வாங்கி,
ஓரங்களில் மூன்று பேர் கையெழுத்து.
அவன் அப்பா குலை ஏற்றிய லாரியை
அணைக்காமலே வாசலில் காத்திருந்தார்.
நீல அட்டை போட்டுக் கொடுத்தேன்.
விலையில் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன்.
பெருமையாகத்தான் இருந்தது.

நான்கு மாதம் கழித்து வந்தான்.
எழுபத்தைந்து வேண்டும். எழுபத்து மூன்று.
கத்தவில்லை. நானூற்று இரண்டாம் பக்கத்தைத் திறந்து
கண்ணாடி மேல் வைத்தான்,
நகலெடுக்கச் சொல்வதுபோல.
"இது மாறி ஒன்றரை வருசம் ஆச்சாம், அக்கா."

தப்பான விடை இல்லை அது.
சரியான விடைதான்,
முந்தின வருசத்துக்கு.

எனக்கு மெஷின் மேல் கோபம் வந்தது.
ஒரு கறையை விடாது,
எப்போதோ கொசு நசுங்கிய புள்ளியைக்கூட விடாது,
இந்த வரி செத்துப்போய்விட்டது என்பது மட்டும்
அதற்குத் தெரியவில்லை.
எனக்கும்தான்.

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அவனையே கேட்டேன்.
மேலே அப்படி என்னதான் மாறும்?
எல்லாம் மாறுமாம்.
கோபுரத்தோடு பேசும் அலைவரிசை,
ஓடுபாதையின் எண்,
எந்த உயரத்தில் எந்த அழுத்தத்தைத் திருகி வைப்பது.
காந்த ஊசி காட்டும் வடக்குகூட
கொஞ்சம் கொஞ்சமாக இடம் பெயர்கிறதாம்.
அதற்கு யார் நோட்டீஸ் கொடுத்தார்களோ.

இருபத்தெட்டு நாளுக்கு ஒருமுறை,
ஒரு வியாழக்கிழமை,
திருத்தங்கள் நடப்புக்கு வரும் என்றான்.
இருபத்தெட்டு!
என் உடம்பு போன வருசம் கைவிட்ட கணக்கை
வானம் இன்னும் வைத்திருக்கிறது.
கேஸ் கடைக் காலண்டரில் வட்டம் போட்டேன்.

இப்போது ஐந்து பேர்.
தேவலீலா ரொம்பினிலிருந்து மோட்டாரில் வருகிறாள்,
மழையென்றால் திருத்தத் தாளை
ஹெல்மெட்டுக்குள் மடித்து வைத்துக்கொண்டு.
நான் கீற்றுக் கீற்றாக வெட்டுகிறேன்,
பழைய வரியின் மேல் ஒட்டுகிறேன்.
பழசு ஒரு ஓரம் தெரியட்டும் என்பான் சர்வின்,
மாறியது எது என்று தெரிந்தால்தானே
மாறாதது எது என்று தெரியும்.
தேவலீலா ஒத்துக்கொள்ளமாட்டாள்.
"பழசைக் கண்ணு பாத்தா
கை அதைத்தான் எழுதும்கா."
இரண்டு பேருக்கும் இரண்டு விதமாக ஒட்டுகிறேன்.
கடையின் பெயர்ப்பலகையில்
போன் நம்பர் மாறி ஆறு வருசம். அது கிடக்கட்டும்.

நான் ஏறியது ஒரே ஒரு விமானம்,
கோத்தா பாருவுக்கு, தங்கச்சி பிரசவத்துக்கு.
கண்ணை இறுக்கி மூடிக்கொண்டே போனேன்.
இனி ஏறினால், முன்னால் உட்கார்ந்திருப்பவரை
ஒரு வார்த்தை கேட்கத் தோன்றும்.
சார், உங்கள் நோட்டு
எந்த வியாழக்கிழமை வரைக்கும் ஒட்டியது?

யுகேந்திரன் மறுபடி எழுதியிருக்கிறான்.
ரிசல்ட் வரவில்லை.
புத்தகத்தை என்னிடம் விட்டுப்போயிருக்கிறான்,
இந்த மாதத்துக் கீற்றுகளுக்காக.
ஒட்டி ஒட்டி
நானூற்று இரண்டாம் பக்கம் தடித்துவிட்டது.
எங்கே திறந்து மேசையில் போட்டாலும்
அங்கேதான் போய் நிற்கிறது.